சொருகு என்பதற்கு ஆங்கிலத்தில்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு வெகுகாலம் ஒப்பேற்றினோம். சொருகு. அம்மாவுக்கு அது போதும். துவைத்த துணியைச் சொருகு, தட்டைச் சொருகு, குடையைச் சொருகு, கரண்ட் பில்லைச் சொருகு. ஊரிலிருந்து ஆள் வந்தாலும் அதே சொல்தான். "மாமாவ அப்பா பக்கத்துல சொருகிரலாம். அத்தை நம்ம கூடப் படுத்துக்கிடட்டும்" என்பாள். மாமா நல்ல பருமன். ஆனாலும் சொருகப்பட்டார்.

தாராவியில் எங்களுக்கு இருந்தது ஓர் அறை. ரூம் என்றுதான் சொல்வோம். வீடு என்றால் அது திருநெல்வேலிப் பக்கம் பூட்டிக் கிடந்தது. ரூமில் கதவுக்குப் பின்னால் வாளி, வாளிக்குள் குவளை, குவளைக்குள் சோப்பு டப்பா. தலைக்கு மேலே பலகை அடித்த பரண், அதை மாலா என்போம். அதில் என்னென்ன இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஓர் இரும்புக் கட்டில் உண்டு. அப்பா அதன் மேலே. அம்மா அடுப்பு மேடையை ஒட்டி. அக்காவும் நானும் கட்டிலுக்குக் கீழே பாதி, வெளியே பாதி. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிகளும் அரிசி டின்னும் போக மிச்சம் இருந்த இடத்தில் எங்கள் கால்கள் போய்வரும்.

அப்பாவுக்கு வேலை குர்லாவில், ஸ்டீல் பீரோ செய்கிற பட்டறையில். பகல் முழுக்க ஊரார் வீட்டுக்கு ஆளுயர பீரோ செய்துவிட்டு வந்து, தன் சட்டையைக் கதவு ஆணியில் மாட்டுவார். நமக்கும் ஒரு பீரோ கொண்டுவாங்களேன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "பீரோவ உள்ள வச்சிட்டு நாம வெளிய நிக்கவா?" என்றார்.

இப்போது நான் கல்யாணமாகித் தாணேயில் இருக்கிறேன். சுவர் முழுக்க அலமாரி, பாதி காலி. திறந்தால் பிளைவுட் வாசனைதான் வருகிறது. எதையாவது எடுக்கப் போய், ஒரு கையால் திறந்து ஒரு கையால் எடுத்து அப்படியே மூடிவிட முடிகிறது. மேலே இருப்பது தலையில் விழுவதில்லை. எனக்கு அது இன்னும் பழகவில்லை. அந்த ரூமை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று சொன்னால் கணவர் சிரிக்கிறார். அவர் பாட்டுக்குச் சிரிக்கட்டும்.

அக்கா எனக்குப் பத்து வயதுக்குப் பக்கம் மூத்தவள். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு, செம்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது. அங்கே அந்த வேலை பார்க்கிறவர்களை மௌஷி என்பார்கள், சித்தி என்று அர்த்தம். கன்னத்தில் பரு மறைவதற்கு முன்பே அக்கா ஊருக்கெல்லாம் சித்தியாகிவிட்டாள். நான் வளர்ந்து காலேஜுக்கு வந்தபோதும் அவளுக்கு அதே வேலைதான். நான் மாட்டுங்காவில் இங்கிலீஷ் மீடியம் காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவள் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த அக்காவின் முகம் செத்துப்போய் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, இங்கிலீஷ் மட்டும் பேசுகிறவர், சாப்பிட்டு முடித்ததும் "டக் மீ இன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு டக் இன் தெரியும். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் விசில் ஊதி "டக் இன்!" என்று கத்தினால், பையன்கள் எல்லாரும் சட்டையைக் கால்சட்டைக்குள் விடுவார்கள். 'இன் பண்ணு' என்று நாம் சொல்வதுதான். அக்கா என்ன செய்தாள்? அந்தப் பெரியம்மாவின் இரவுச் சட்டையை, பைஜாமாவுக்குள், முன்னாலும் பின்னாலும் சுற்றிவர, ஒரு சுருக்கம் இல்லாமல் இன் பண்ணிவிட்டாள். அந்த அம்மா வலியில் "நோ, நோ" என்று கத்தியதும், சரியாக உள்ளே போகவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

"சிரிக்காதட்டி. எனக்கு மானம் போயிட்டு" என்றாள் அக்கா. "அப்போ டக்குன்னா என்னதான்?"

"போர்வைய நல்லா போத்தி, ஓரத்த மெத்தைக்கு அடியில சொருகி விடணும்க்கா."

"மெத்தைக்கு அடியிலயா? எதுக்கு?"

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. எங்களிடம் மெத்தை கிடையாது. தரையில் விரித்த பாய்க்கு அடியில் எதைச் சொருகுவது? எங்களுக்குத் தெரிந்தவரை போர்வை என்பது ஒருத்தி இழுத்தால் இன்னொருத்தி திரும்ப இழுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். "அவங்க பழக்கம் அப்படி" என்று சொல்லித் தப்பித்தேன்.

அடுத்த சில மாதங்களில் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில், முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். குர்லாவில் ஒரு ஏஜென்சியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வேலை அவளுக்குக் கைவந்த வேலைதான். ஆனால் அந்த இல்லத்தின் மேனேஜர் அம்மா வீடியோவில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிந்தால் வேலை. திணறினால் அத்தோடு சரி.

அம்மா அழுதாள். அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மூன்று இடங்களில் மாப்பிள்ளை பார்த்து எல்லாவற்றையும் அக்காவே தட்டிக்கழித்திருந்தாள். இப்போது இது. ஏன் போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "நல்ல வேலைம்மா" என்று மட்டும் சொன்னாள். என்னிடம்தான், சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது, உண்மையைச் சொன்னாள்.

"கை ரெண்டயும் விரிச்சுப் படுக்கணும்ட்டி. இந்தப் பக்கம் இடிச்சா கட்டில் காலு, அந்தப் பக்கம் இடிச்சா நீ. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து விலாவுலயே படுத்து எந்திரிக்கேன். அங்கன போனா ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு கட்டிலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கம் இடிப்பவள் நான்தானே. ஆனால் அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னாள். பாலத்தில் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. இறங்கும்போது, "நீதான் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அந்தக் கட்டில் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். அவள் போகக்கூடாது என்றும் ஆசைப்பட்டேன். இரண்டும் ஒன்றாக மனதில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாடம். முதலில் நான் டென்ஸ், கிராமர் என்று ஆரம்பித்து அவளைக் கொட்டாவி விட வைத்தேன். பேசுவதெல்லாம் ஓரளவு வந்துவிட்டது, நர்சிங் ஹோமில் காதில் விழுந்தே பாதி படிந்திருந்தது. அவளைப் பயமுறுத்தியது இந்த உள்ளே வைக்கிற சொற்கள்தான். டக்கில் பட்ட அவமானம் ஆறவில்லை. "எல்லாம் உள்ள வைக்கியதுதான? அதுக்கு எதுக்கு இத்தன?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதற்குப் பாடப் புத்தகம் எதற்கு, அதுதான் ரூம் இருக்கிறதே. அம்மா பழைய நைட்டிகளைத் தலையணை உறைக்குள் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். "அதுதான் ஸ்டஃப்" என்றேன். அம்மா மாலாவில் இருந்த டின்னுக்குள், ஏற்கெனவே நிறைந்திருந்த டின்னுக்குள், இன்னும் இரண்டு பொட்டலம் மிளகாயைப் போட்டு மூடியின் மேல் முழங்கையால் குத்தினாள். "க்ராம்" என்றேன். கட்டிலுக்கு அடியில் பையைக் காலால் தள்ளினாள். "ஷவ்." கட்டிலின் ஒரு கால் ஆடாமல் இருக்க அப்பா அட்டையை மடித்து அண்டை கொடுத்திருந்தார். அது வெட்ஜ். ரயில் பாஸைச் சட்டைப் பைக்குள் அவர் நழுவ விடுவது ஸ்லிப்.

"என்னைய வச்சு என்னட்டி பாடம் நடக்கு?" என்று அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா. நீ கைய எடுத்தா எங்களுக்கு வார்த்தை கெடைக்கி" என்றாள் அக்கா.

"கூறுகெட்ட மூதிகளா" என்று சொல்லிவிட்டு அம்மா, சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடியும் டின்னைக் குத்தப் போனாள். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் "டக்!" என்று கத்தினோம். பக்கத்து ரூம்காரர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள்.

மிச்சப் பாடம் ரயிலில் நடந்தது. சில சனிக்கிழமைகளில் அவளோடு நானும் செம்பூர் வரை போவேன். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்கு மாற வேண்டும். லேடீஸ் டப்பாவில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொள்வதை ஃபோர்த் சீட் என்பார்கள். உட்கார்ந்திருப்பவரிடம் "தோடா சர்க்கோ" என்று சொல்ல வேண்டும், அவர் நகர்ந்ததாகப் பாவனை செய்வார், நாம் உட்கார்ந்ததாகப் பாவனை செய்ய வேண்டும். பாதி உடம்பு சீட்டில், மீதி உடம்பு தொடைப் பலத்தில். அக்கா அப்படி ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "இது ஸ்க்வீஸ்தான?" என்பாள். வாசலில் ஒருத்தியின் பை இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வராமல் நின்றால், "ஜாம்" என்பாள். சுற்றி நிற்பவர்களுக்கு நாங்கள் பைத்தியங்கள்.

அவளிடம் ஒரு குணம். எந்தச் சொல்லையும் வாங்கியதும் உள்ளே வைக்கமாட்டாள், திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இதுல முக்காவாசி உள்ள போற பொருளுக்கு வலிக்கியது. ஸ்டஃப் வலிக்கும், க்ராம் வலிக்கும், ஷவ் ரொம்ப வலிக்கும். டக்கும் ஸ்லிப்பும்தான் வலிக்காமப் போவுது. என்னட்டி, சரிதான?" நான் அப்படி யோசித்ததே இல்லை. சரி என்றேன். இன்னொரு நாள் திடீரென்று, "வெள்ளக்காரனுக்கு அங்கன எடம் கொள்ளையா கெடக்கு. அப்பொறம் எதுக்கு உள்ள அமுக்கியதுக்கு இம்புட்டு வார்த்த? நமக்குல்லா இதெல்லாம் வேணும்?" என்று கேட்டாள்.

தமிழில் மட்டும் என்ன பஞ்சமா என்று எனக்கு ரோஷம் வந்து, யோசித்துச் சொல்ல ஆரம்பித்தேன். திணி, அடை, அமுக்கு, புகுத்து, நுழை, செருகு. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "இத்தன இருந்தும் அம்மா ஒண்ணத்தான வச்சிருக்கா" என்றாள். அந்த ரூமில் சொற்களுக்கும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அவள் தேறிக்கொண்டே வந்தாள். நான் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷப்படவும் செய்தேன். ஆனால் அவள் ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் முடிக்கும்போதெல்லாம் அடுத்ததை வேண்டுமென்றே கொஞ்சம் கஷ்டமாகக் கொடுத்தேன். ஒருமுறை தாங்கமுடியாமல் குர்லா தாண்டும்போது ரயிலிலேயே, "போகாதக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ எதுக்குச் சொல்லிக் குடுக்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அப்போ சொல்லு, ஸ்டஃபுக்கும் க்ராமுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அதட்டினேன். அவள் ஒழுங்காகச் சொன்னாள். இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூ மத்தியான வேளையில் வந்தது. அங்கே அது காலை. எங்கள் சந்தில் மத்தியானம் என்றால் குக்கர் விசில், மிக்ஸி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தலைக்கு மேலே யாரோ ஆணி அடிப்பது எல்லாம் சேர்ந்தே வரும். அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு சந்து முனையில் போய் நின்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "பாயி, தோடா ஆஹிஸ்தா, பேட்டி கா இன்டர்வியூ ஹை" என்று, மகளுக்கு இன்டர்வியூ, கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்கு ஒரு வருஷப் பேச்சைப் பேசியிருப்பார். அம்மா வாசலில் விளக்குமாற்றோடு காவல். உள்ளே, மாலாவிலிருந்து ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன் அரிசி டின் மேல். நான் காமிராவுக்குத் தெரியாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டியை மடித்து உட்கார்ந்துகொண்டேன், அவள் தடுமாறினால் வாயசைத்துச் சொல்வதற்காக.

மேனேஜர் அம்மா நல்லவர் என்று குரலிலேயே தெரிந்தது. பேர், வேலை, அனுபவம் எல்லாம் கேட்டார். அக்கா குரல் முதலில் தடுமாறியது, பிறகு நிதானப்பட்டது. கடைசியாக ஒரு கேள்வி. ஒரு வயதான அம்மாவுக்குப் படுக்கப் பிடிக்கவில்லை, முரண்டு பிடிக்கிறார், அவரை எப்படிப் படுக்கவைப்பாய் என்று.

என் வாய் தானாகத் திறந்தது. அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஐ சிட் ஃபர்ஸ்ட், மேடம்" என்றாள். "ஐ ஆஸ்க், விச் சைடு யூ லைக். தென் ஐ ஸ்லிப் மை ஹேண்ட் அண்டர் த நெக். ஸ்லோ. ஐ டோன்ட் ஷவ். ஐ டோன்ட் ஸ்டஃப் ஹர். ஸ்டஃப் இஸ் ஃபார் பில்லோ."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அக்கா சிரிக்கவில்லை. அவள் மும்முரமாக இருந்தாள்.

"தென் ஐ டக் ஹர் இன். பட் லூஸ், மேடம். ஃபுட் மஸ்ட் மூவ். இஃப் ஃபுட் கேனாட் மூவ், ஷீ திங்க்ஸ் சம்படி டைட் ஹர்."

கால் அசைய வேண்டும். இல்லாவிட்டால் கட்டிப் போட்டதுபோல நினைத்துக்கொள்வார். இதை நான் சொல்லித் தரவில்லை. தகரப் பெட்டிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் காலை வைத்துப் படுத்த இத்தனை வருஷங்களில் அவளே தெரிந்துகொண்டது. நான் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துச் சத்தம் வராமல் அழுதேன். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

விசா வந்தது, டிக்கெட் வந்தது, பெட்டி வந்தது. பெட்டி அப்பா வாங்கியது, சக்கரம் வைத்தது. அதைத் தரையில் பிரித்து வைத்தால் நாங்கள் மூன்று பேரும் கட்டில் மேல் ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, வடகம், ஊறுகாய் என்று அம்மா வைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்வெட்டர் கைக்குள் முறுக்குப் பொட்டலம், ஷூவுக்குள் மிளகாய்ப் பொட்டலம். "போதும்மா, ஏர்போட்டுல தூக்கி எறிஞ்சிருவாவ" என்று அக்கா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் அக்கா பெட்டி மேல் ஏறி உட்கார, நானும் அவள் மடியில் பாதியாக உட்கார, அம்மா ஜிப்பை இழுத்து மூடினாள். அன்று ரொம்பச் சிரித்தோம். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் போனதும் ரூமில் இடம் வந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் நாள் நான் காலை நீட்டினேன், போய்க்கொண்டே இருந்தது. புரண்டேன், ஒன்றும் இடிக்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அம்மா அங்கே ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். தண்ணீர் பிடித்து வைக்க இன்னொரு டிரம் வேண்டும் என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சண்டை போட்டேன்.

"அது அக்கா எடம்" என்றேன்.

"அவளுக்குத்தான் அங்கன கட்டில் இருக்குல்லா. இங்கன எதுக்குச் சும்மா கெடக்கணும்?" என்றாள். சொல்லிவிட்டு டிரம்மை வேண்டுமென்றே அழுத்தித் துடைத்தாள். அவள் கண்ணைப் பார்த்தபிறகு நானும் ஒரு துணியை எடுத்து மறுபக்கம் துடைத்தேன்.

எங்கள் சந்தில் விடிவதற்கு முன்பு குழாயில் தண்ணீர் வரும். எங்களுக்கு அது எழுந்திருக்கும் நேரம், அக்காவுக்கு அங்கே வேலை முடிந்து படுக்கப் போகும் நேரம். அதனால் அவள் போன் அப்போதுதான் வரும். அம்மா போனைத் தட்டு அடுக்குக்குச் சாய்த்து வைத்துவிட்டு டிரம்மில் டியூபைப் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டே பேசுவாள். முதல் வாரத்தில் ஒரு நாள், ரூமைக் காட்டு என்று நான் கேட்டேன். அக்கா போனைச் சுற்றிக் காட்டினாள். ஜன்னல், திரை, நாற்காலி, கட்டில். பெரிய கட்டில். அதன் பாதியில் மெத்தென்ற போர்வை. மறுபாதியில், சுவர்ப் பக்கம், அப்பா வாங்கிக்கொடுத்த அந்தப் பெட்டி படுத்திருந்தது.

"பெட்டிய ஏன்க்கா மேல வச்சிருக்க? கீழ வையி. கைய விரிச்சுப் படுக்கத்தான போன?"

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாக, "பக்கத்துல ஒண்ணுமே இடிக்கலன்னா ஒறக்கம் வர மாட்டேங்கு. ரெண்டு நாளு முழிச்சே கெடந்தேன். பெட்டிய வச்சதுக்குப் பொறவுதான் கண்ணு அசந்துச்சு" என்றாள்.

அம்மா டியூபைப் பிடித்தபடியே நின்றாள். டிரம் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. நனைகிற பாயை எடுக்க நாங்கள் யாரும் குனியவில்லை. "நீ படு தாயி. நான் போன வைக்கல. தண்ணி புடிக்கிய சத்தம் கேட்டுக்கிட்டே ஒறங்கு" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. அக்கா விளக்கை அணைக்காமல் போனைப் பக்கத்து மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுப் படுப்பாள். இங்கே வாளிச் சத்தம், டிரம் சத்தம், அம்மா என்னைத் திட்டும் சத்தம், அப்பா இருமுவது எல்லாம் அங்கே போகும். பெட்டியைக் கட்டிப்பிடிக்காத குறையாக அவள் ஓரத்திலேயே ஒருக்களித்து உறங்குவாள். அவள் உறங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு நான் கட் பண்ணுவேன். அம்மா கட் பண்ண மாட்டாள். "இன்னும் கொஞ்சம் கேக்கட்டும்" என்பாள்.

மழைக்காலம் முடிந்து, தீபாவளியும் முடிந்து, ஒரு நாள் விடிகாலையில் நான் டியூபை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா போனுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று போய்ப் பார்த்தேன். கட்டிலில் பெட்டி இல்லை. அக்கா நட்டநடுவில் மல்லாந்து படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்து குறட்டை கேட்டது. இரண்டு கையும் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. ஒரு கை கட்டிலைத் தாண்டி வெளியே தொங்கியது. போனைப் போட்டுச் சாய்த்து வைத்துவிட்டு, எங்களோடு ஒரு வார்த்தை பேசும் முன்பே உறங்கிப்போயிருக்கிறாள்.

"பாத்தியா, என்னமா விரிச்சுப் படுத்திருக்கா" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குழாயைச் சின்னதாக்கி, தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும்படி டியூபை டிரம்மின் ஓரத்தில் சாய்த்தாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவளே போனைக் கட் பண்ணினாள்.

அக்கா எங்கள் ரூமை விட்டுப் போய்விட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.